செங்கல் என்று சொன்ன மாப்பிள்ளை

அக்காவின் கல்யாணம் ஒரு செங்கல்லில் தடுக்கி நின்றுபோக இருந்தது என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

யுத்தத்துக்கு முந்தின காலம். அப்பா திருச்சிராப்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். எங்கள் வீடு மாதா கோவிலுக்குப் பின்தெருவில் இருந்தது. அப்பாவுக்கு நம்பிக்கை இருந்தது இரண்டே விஷயத்தில்தான். ஒன்று கோவிலில் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசம், இன்னொன்று அவருடைய இங்கிலீஷ் அகராதி. திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்து, அதன்மேல் அந்த அகராதியை வைத்திருந்தார். கை கழுவாமல் யாரும் அதைத் தொடக் கூடாது. அதில் இல்லாத இங்கிலீஷ் வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வரவும் கூடாது. இந்த இரண்டைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம்தான். பால்காரன் தண்ணீர் கலந்தால் சண்டை போடுவார். கலக்காமல் ஊற்றினால், இன்றைக்கு மட்டும் ஏன் கலக்கவில்லை என்று பகல் முழுக்க யோசிப்பார்.

அக்காவுக்கு வரன் வந்தது. பாலக்கரைப் பக்கம், நம்மவர்கள்தான், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை. பையனுக்கு அப்பா இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து பேசினார்கள். பையனுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வெளியே வருவதில்லை என்றார்கள். எங்கள் அம்மாவுக்கு அது நெருடியது.

"பிள்ளைக்குப் பொண்ணு பார்க்கிறப்பகூட எழுந்து வர முடியாத உடம்பா? அப்படி என்ன நோவுன்னு கேளுங்களேன்."

ஊரையெல்லாம் சந்தேகப்படும் அப்பா இதை மட்டும் கேட்கவில்லை. பையன் தன் கைப்பட எழுதிய இங்கிலீஷ் விண்ணப்பம் ஒன்றைப் பெரியப்பா கொண்டுவந்து காட்டியிருந்தார். ஒரு தப்பு இல்லை. அப்பா அதிலேயே விழுந்துவிட்டார். கமா எல்லாம் சரியாகப் போடத் தெரிந்தவன் வீட்டில் என்ன கோளாறு இருந்துவிடப் போகிறது என்பது அவர் கணக்கு.

வெற்றிலை பாக்கு மாற்ற வந்த அன்றைக்குத்தான் வினை வந்தது. எல்லோருக்கும் பாயசம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வந்தவர்கள் முன்னால் அழுதால் அபசகுனம், என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே என்று அம்மா காலையிலேயே கிள்ளிச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா புடவையை ஒதுக்குகிறேன் பேர்வழி என்று என் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர் பாயசம் என் பாதத்தில் கொட்டியது. உயிர் போயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன், அழவில்லை. மாப்பிள்ளைதான் சட்டென்று எழுந்துவந்து, குனிந்து என் காலை ஊதினார். குழந்தையைத் தட்டுவது போல முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "யூ ஆர் எ ப்ரிக்" என்றார்.

அப்பா வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அகராதி கீழே இறங்கிவிட்டது. கை கழுவினாரா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ப்ரிக் என்றால் சுட்ட களிமண் கட்டி, வீடு கட்ட உதவுவது. அதே வடிவத்தில் இருக்கும் ரொட்டி, தேயிலை முதலியவற்றின் கட்டி. அவ்வளவுதான், அடுத்த வார்த்தை வந்துவிட்டது.

"செங்கல்லா?" என்றாள் அம்மா. "சேசுவே! என் பிள்ளையைப் பார்த்துச் செங்கல்லுன்னா சொன்னான்? நிறத்தைக் குத்திக் காட்டறானா?"

"செங்கல் சிவப்பால்ல இருக்கும்," என்றார் அப்பா.

"அப்ப வேற என்னத்தைத்தான் சொன்னான்?"

"அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்! ரொட்டிங்கிறானா, தேயிலைங்கிறானா?"

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து, "நல்லதாத்தான் சொல்லியிருப்பாங்கப்பா. முகத்தைப் பார்த்தா தெரியலையா?" என்றாள். அவள் ஏன் அவன் முகத்தைப் பார்த்தாள் என்று அப்பாவுக்கு அது ஒரு தனிச் சந்தேகமாகப் போயிற்று.

இதற்குள் ஓலை எழுதிவிட்டார்கள். எங்கள் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பங்குச் சாமியார் முன்னால் ஜெபங்களை ஒப்புவிக்க வேண்டும். பிறகு மூன்று ஞாயிறு, பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதற்கு விக்கினம் ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் வந்து தெரியப்படுத்தக் கடவார்கள் என்று சாமியார் சொல்லுவார். அறிந்தும் சொல்லாமல் இருந்தால் பாவம். மூன்றாவது ஓலைக்கு மேல் பேச்சில்லை, தாலிதான். முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பிரசங்கத்தைக் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தை விக்கினமாகுமா என்று அவருக்குள் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு சீரங்கத்துக்குப் புறப்பட்டார். அவர் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதருக்கு அங்கே வீடு. ஐயங்கார். இள வயசில் கண்டோன்மெண்டில் ஒரு துரைக்கு முன்ஷியாகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். துரை சீமைக்குத் திரும்பும்போது, கப்பலில் சுமைகூலி கொடுக்க மனசில்லாமல் ஒரு பெரிய அகராதியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனானாம். அப்பாவுக்கு அந்த அகராதி மேல் வெகுநாளாகப் பொறாமை.

"வாரும் பிள்ளைவாள்! குழந்தையையும் அழைச்சுண்டு வந்திருக்கீரே," என்று பண்டிதர் ரேழியில் இருந்த பெஞ்சைக் காட்டினார். அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. ஒரு மாமி தீர்த்தம் கொண்டுவந்து சற்றுத் தள்ளி வைத்தாள். நான் வாய் வைத்துக் குடித்துவிட்டேன். டம்ளரை முற்றத்தில் நானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும்படி ஆயிற்று. அப்பா அதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. நல்ல மரியாதைக்காரர் பண்டிதர் என்று திரும்பி வரும்போது சொன்னார்.

பண்டிதர் அகராதியைத் தூக்க மாட்டாமல் தூக்கி வந்து, விரலை நனைத்துப் பக்கம் தள்ளினார்.

"சுட்ட மண்... தேயிலைக் கட்டி... இரும், இரும். அடியிலே பொடி எழுத்திலே ஒண்ணு போட்டிருக்கான். ஸ்லாங். நல்ல மனுஷன், நம்பத் தகுந்தவன். அவ்வளவுதான்! உம்ம குழந்தையை ஸ்தோத்திரம்னா பண்ணியிருக்கார் மாப்பிள்ளை!"

"ஸ்லாங்னா தெருப் பேச்சு," என்றார் அப்பா. குரலே மாறிவிட்டது.

"தெருப் பேச்சுதான், வாஸ்தவம். நாம மட்டும் குழந்தையைத் தங்கம்னு கொஞ்சறதில்லையா? அது எந்த நிகண்டுலே இருக்கு? வெள்ளைக்காரன் செங்கல்லுங்கறான், அவ்வளவுதானே. நம்மாத்துத் தங்கத்தை எல்லாம் வாரிண்டு போயும் வாயிலே என்னவோ செங்கல்தான் வர்றது அவனுக்கு!"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எந்தத் தெருவில் இப்படிப் பேசுகிறார்கள், ரயில்வே ஆபீசிலா என்று கேட்டார்.

"ஆபீஸிலே துரை குமாஸ்தாவை இப்படியா கூப்பிடுவான்? நன்னாக் கேட்டீர். நான் பாடம் சொல்லப் போற வீட்டிலே, விளக்கெண்ணெய் குடிக்கிற அன்னிக்கு அழாம இருந்தா அந்தத் துரைசானி பிள்ளைகளைத் தட்டிக் குடுத்து இதைச் சொல்லுவள். இது ஆத்துக்குள்ளே, குழந்தைகள் புழங்கற இடத்திலே காதிலே விழற வார்த்தை, ஓய். படிச்சு வராது."

பண்டிதர் ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தார். அப்பாவுக்கு அது புதுச் சந்தேகமாயிற்று. காவேரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, "வெள்ளைக்காரன் வீட்டுக்குள்ள, குழந்தைங்க இருக்கிற இடத்துல, இவனுக்குச் சின்ன வயசுல என்ன வேலை?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டார். பிறகு, "உங்கம்மா சொன்னது சரி. அந்த அம்மாளை ஏன் யாரும் கண்ணுல காட்டலை?" என்றார். என்னிடம் கேட்டதாக நினைத்து நான், "தெரியலையேப்பா," என்றேன்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. விக்கினம் அறிந்தவர்கள் என்று சாமியார் சொன்னபோது அப்பா எழுந்திருக்கப் போவது போல அசைந்துவிட்டு அடங்கினார். இப்போது நிறுத்தினால் அக்காவுக்கு என்னவோ குறை என்றுதான் ஊர் பேசும், அப்புறம் ஒருத்தனும் வாசல் ஏற மாட்டான். நிறுத்தாமல் விட்டு, பின்னால் ஏதாவது வெளியே வந்தால் அதுவும் அவள் தலையில்தான் விடியும். அம்மா சோறு வடிக்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா மட்டும் பேசாமல் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே ஒரு நாள், மாப்பிள்ளை ஆபீசில் இருக்கிற நேரமாகப் பார்த்து, அப்பா கண்டோன்மெண்டுக்குப் போனார். ஒரு துரை வீட்டுக் காம்பவுண்டில் மாப்பிள்ளைக்கு ஜாகை கொடுத்திருக்கிறார்கள் என்று பெரியப்பா எப்போதோ வாய் தவறிச் சொல்லியிருந்தார். என்னையும் அழைத்துப் போனார். கூட ஒரு பெண் குழந்தை இருந்தால் வேவு பார்க்கப் போன மாதிரி தெரியாது பாருங்கள்.

பெரிய பங்களாவுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கு வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒரு வாசலில் வெள்ளைப் புடவையும் கை நீண்ட ரவிக்கையும் கழுத்தில் ஜெபமாலையுமாக ஒரு அம்மாள் சின்னச் சின்னக் கவுன்களைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. அவள் திரும்பாமலே அதனோடு இங்கிலீஷில் பேசினாள். தண்ணீர் மாதிரி ஓடியது. இலக்கணம் இருந்ததா என்று அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

"யாரைப் பார்க்கணும்ங்க?" என்று திரும்பியவள் என்னைப் பார்த்தாள். நேரே என் காலைப் பார்த்தாள். பாதத்தில் இன்னும் தழும்பு சிவந்து கிடந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"பாயசம் கொட்டினது இந்தப் பாப்பாவுக்குத்தானே? அழவே இல்லையாமே, தம்பி சொல்லிச்சு!" என்று உட்கார்ந்து என் பாதத்தைத் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்பா யார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதன் பிறகு அவர்கள் பேசியதில் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. வெள்ளைக்காரக் குழந்தை தன் மரக்குதிரையைக் காட்ட என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மீதியைப் பல வருஷம் கழித்து அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"என் வீட்டுக்காரர் போனப்ப தம்பி நடக்கக்கூட ஆரம்பிக்கலை. அவங்க அண்ணன் வீட்டுல ஒரு வேளை சோறு போட்டாங்க, மறு வேளை முகத்தைச் சுளிச்சாங்க. கோவில் சாமியார்தான் இந்த ஆயா வேலையைப் பார்த்துக் குடுத்தாரு. துரை பிள்ளைங்களோட பிள்ளையா இதுவும் வளர்ந்திச்சு."

"உடம்பு சரியில்லைன்னாங்களே?"

"நல்லாத்தாங்க இருக்கு உடம்பு. அப்படித்தான் சொல்லணும்னு அவங்க அண்ணன் வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க. எச்சித் தட்டு எடுத்தவ மாமியார்னு தெரிஞ்சா நல்ல இடத்துல பொண்ணு குடுப்பாங்களா? தம்பி சண்டை போட்டிச்சு. தாலி கட்டற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

அப்பா திரும்பிப் புறப்படப் பார்த்தார். அவளேதான் பேசினாள்.

"ஓலை ரெண்டு வாசிச்சாச்சு ஐயா. நிறுத்திடாதீங்க. நான் பந்தலுக்கு வரலை, உங்க வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். கோவில்ல மட்டும் ஒரு ஓரமா நின்னு பூசை பார்த்துட்டுப் போயிடறேன். அதுக்கு உத்தரவு குடுங்க, போதும்."

"வாசல் பக்கமா நில்லுங்க," என்றார் அப்பா. "யாருன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவள் கும்பிட்டாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

"யாருப்பா அது?"

"ஆயா."

"மாப்பிள்ளையோட ஆயாவா?"

"துரை வீட்டு ஆயா. வீட்டுல போய் இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது, தெரியுதா?"

தெருமுனையில் எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். கேட்காமல் அப்பா தின்பண்டம் வாங்கித் தந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "விசாரிச்சுட்டேன். நல்ல வார்த்தைதான், பெரிய அகராதியில இருக்கு. அந்த அம்மாளுக்கு நிசமாவே முடியலை. படுத்த படுக்கை," என்றார்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "இவ்வளவு சீக்கிரம் நீங்க ஒண்ணை ஒத்துக்கமாட்டீங்களே," என்றாள். அப்பா அகராதியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா தையலை மடியில் போட்டுவிட்டு அப்பாவையே பார்த்தாள். ஓலை எழுதிய அன்று, சாமியார் அறை வாசலில் காத்திருந்த கொஞ்ச நேரத்தில், மாப்பிள்ளை தாய்க்குக் கொடுத்த சத்தியத்தை மீறி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அக்கா அன்றைக்கே சம்மதமும் சொல்லியிருந்தாள். அது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அப்பா ஏன் அந்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அத்தனை நேரம் முழங்காலில் இருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது ஓலை. விக்கினம் அறிந்தவர்கள் என்று சாமியார் ஆரம்பித்ததும் அப்பாவுக்கு இருமல் வந்தது. அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து, எழுந்துவிடப் போகிறாரோ என்று பதறிப் பார்த்தாள். அவர் இருமி முடித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கல்யாணம் விடியற்காலைப் பூசையில். நன்மை என்கிற திவ்விய அப்பம் வாங்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. அக்கா வெளுத்துப் போயிருந்தாள். தாய் ஸ்தானத்தில் பெரியம்மா பெரிய சரிகைக்கரைப் பட்டு கட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். தாலி கட்டியாயிற்று, பூசை முடிந்தது. கோவில் வாசலுக்கு வந்ததும் பெண் மாமியார் காலில் விழ வேண்டும், மாமியார் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் செய்ய வேண்டும். பெரியம்மா முன்கூட்டியே படியோரம் போய், கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

அப்போதுதான் தீர்த்தத் தொட்டிக்கு அந்தப் பக்கம், தூணை ஒட்டி, அந்த வெள்ளைப் புடவையைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவ்வளவு கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு ஆள்! சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில்தானே மூச்சு விடக் கூடாது என்றார் அப்பா, இது கோவில்தானே. அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, மாப்பிள்ளையோட ஆயா வந்திருக்காங்க!"

"எங்க?" என்றாள் அக்கா.

கையை நீட்டிக் காட்டினேன். அக்கா மாலையும் கழுத்துமாகப் பெரியம்மாவைத் தாண்டி நடந்தாள். கூட்டம் என்னவென்று தெரியாமலே விலகியது. அந்த அம்மாள், "வேணாம்மா, வேணாம்மா," என்று தூணோடு ஒண்டினாள். அக்கா, "அத்தை," என்றாள். புதுப் புடவையோடு புழுதியில் விழுந்து அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் ஓடிவந்து பக்கத்தில் மண்டி போட்டார். அந்த அம்மாள் கூட்டத்துக்கு மேலாக அப்பாவைத் தேடிப் பார்த்தாள். அப்பா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கை மெல்ல எழுந்து, இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டது.

எனக்கு அக்காவை நினைத்து வெட்கமாகவும் பாவமாகவும் போயிற்று. ராத்திரியிலிருந்து பட்டினி. ஊரே பார்க்க ஒரு ஆயா காலில் போய் விழுந்துவிட்டாளே, எப்படியாவது எழுப்ப வேண்டுமே என்று கூட்டத்தில் நுழைந்து பந்தலுக்கு ஓடினேன். அங்கே கல்யாணக் காபி அப்போதுதான் இறங்கியிருந்தது. யாருக்கு இத்தனை அவசரம் என்று சமையல்காரர் கேட்டார்.

"அக்காவுக்குங்க. சீக்கிரம் குடுங்க," என்றேன். "பசியில ஆள் தெரியாம விழுந்துட்டா."